மரக்கானாவில் நின்று பார்த்தவர்கள்

ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா கால்பந்து அரங்கத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் மாரியோ ஃபிலோ. பிரேசில் கால்பந்தில் கறுப்பின மக்களின் இடத்தை 1947இல் நூலாக எழுதிய இதழாளர் அவர். அரங்கத்தின் வரலாற்றை நாம் இப்பெயரிலிருந்தே தொடங்குவோம்.

1950 உலகக் கோப்பைக்காக எழுப்பப்பட்டது அது. கோப்பையை முடிவுசெய்த ஆட்டத்தில் உருகுவே 2-1 என வென்றபோது ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் அங்கிருந்தனர். தோல்வியின் பழி கோல்காப்பாளர் பார்போசா உள்ளிட்ட கறுப்பின ஆட்டக்காரர்கள்மீது விழுந்தது. 2000இல் இறக்கும்வரை பார்போசா அதைச் சுமந்தார்.

ஆயினும் ஏழைகளுக்கு அங்கே 'ஜெரால்' இருந்தது. களத்தையொட்டிய அப்பகுதியில் மிகக் குறைந்த கட்டணத்தில் நின்றபடி ஆட்டம் பார்க்கலாம். ஆட்டம் முழுமையாகத் தெரியாதுதான். எனினும் உழைக்கும் மக்கள் உரிமையோடு நின்ற இடம். 2005இல் அது மூடப்பட்டது. பாதுகாப்பு எனும் காரணத்தை நாம் புறந்தள்ளவில்லை: 1992இல் மேல்தளத் தடுப்பு சரிந்து மூவர் இறந்த அரங்கம் அது. ஆனால், நிற்பவருக்கு இருக்கை தருவது வேறு, அந்த இருக்கையின் விலையை அவருக்கு எட்டாததாக்குவது வேறு. 2014 உலகக் கோப்பைக்கான சீரமைப்பு இரண்டாவதையே செய்தது.

அரங்கின் அருகே, பழைய பழங்குடி அருங்காட்சியகக் கட்டடத்தில் 2006 முதல் பழங்குடியினர் வாழ்ந்துவந்தனர். கட்டடத்தை இடிக்கும் முடிவை எதிர்ப்பு எழுந்தபின் அரசு கைவிட்டது. ஆனால் 2013 மார்ச்சில் காவல்துறையை அனுப்பி அங்கிருந்தோரை வெளியேற்றியது.