உள்நாட்டு சிப் வந்தாச்சு... லினக்ஸ் அதில் தானாக ஓடிடுமா?

ஆம்பூரில் தயாராகும் ஷூக்களில் பல, ஆம்பூர்க் கால்களுக்கானவை அல்ல. வெளிநாட்டுக் கால் அளவுக்கேற்ற ‘லாஸ்ட்’ என்ற அச்சின் மேல் தோலை இழுத்து ஒட்டுகிறார்கள். அந்தக் கால் இங்கே வர வேண்டியதில்லை. மென்பொருளிலும் இப்படி ஒரு வேலை உண்டு. அதன் பெயர் கிராஸ் கம்பைலிங்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் ‘ஐரிஸ்’ என்ற சிப்பை அறிவித்தன. ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ வடிவமைப்பில் உருவான இது, சண்டிகரை ஒட்டிய மொஹாலியில் தயாரானது, விண்வெளிப் பணிகளுக்கானது. உடனே எழும் கேள்வி: நம்ம சிப் நம்ம லேப்டாப்புக்கு எப்போ வரும்?

கெர்னலுக்கு இதில் என்ன வேலை?

ஆப்களுக்கும் ஹார்டுவேருக்கும் நடுவே நிற்பது கெர்னல். ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். சோர்ஸ் கோடு ஒன்று. ஆனால் சிப்புகளின் மொழி வேறு. இன்டெல் சிப்புக்கு எக்ஸ்86, பெரும்பாலான போன்களுக்கு ஆர்ம், சக்திக்கு ரிஸ்க்-ஃபைவ். எனவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக கம்பைல் செய்யணும். வேலூரில் ஒரு மாணவர் தன் இன்டெல் லேப்டாப்பிலேயே ரிஸ்க்-ஃபைவ் கெர்னலை உருவாக்கிவிடலாம். அதற்கான கம்பைலர்தான் இங்கே லாஸ்ட்.

அவ்வளவுதானா?

இல்லை. போர்டில் எந்த பாகம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ‘டிவைஸ் ட்ரீ’ வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் டிரைவர் வேண்டும். 2018 ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.15-ல் ரிஸ்க்-ஃபைவ் சேர்ந்தது. அதே ஆண்டு சக்தி சிப்பிலும் லினக்ஸ் பூட் ஆனது.

சிக்கல் எங்கே?

பராமரிப்பில். இன்டெல்லின் இட்டானியம் சிப்புக்கான கோடு, கவனிக்க ஆளில்லாமல் போனதால், 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.7-ல் நீக்கப்பட்டது. இன்டெல் சிப்புக்கே அந்த நிலை. நன்றாக ஓடும் போனுக்கு அப்டேட் நின்றுபோவதிலும் இதே காரணத்துக்குப் பங்குண்டு: அந்த சிப்பின் டிரைவர்களைப் புது கெர்னலுக்கு ஏற்றபடி மாற்ற யாரும் இல்லை.

ஆக, சிப் வடிவமைப்பது பாதி வேலைதான். அதற்கு டிரைவர் எழுதி, மூல லினக்ஸில் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் கவனிக்கும் ஆட்கள் தேவை. பழக போர்டுகூட வாங்க வேண்டாம். ‘கியூஎம்யூ’ என்ற இலவச எமுலேட்டரில் ரிஸ்க்-ஃபைவ் கெர்னலை இன்றைக்கே ஓட்டிப் பார்க்கலாம்.