நூலில் பிறந்த தோழர்கள்

நுழையும் முன்

கடையில் வாங்கும் பொம்மைக்கு விலை உண்டு. கையால் பின்னிய பொம்மைக்குப் பெயரும் குணமும் உண்டு. மிச்சக் கம்பளிநூலில் பிறக்கும் இச்சிற்றுயிர்கள் வெறும் விளையாட்டுப் பொருள்கள்தாமா? பள்ளியில் இவற்றுக்கு இடம் வேண்டுமா? பின்வரும் கருத்துக் கட்டுரையைப் படித்து, உடன்படும் இடங்களையும் மறுக்கும் இடங்களையும் குறித்துக்கொள்க.

மிச்ச நூலின் கதை

வட இந்திய நகரங்களில் குளிர்காலம் தொடங்கியதும் மொட்டைமாடிகளிலும் பூங்காக்களிலும் ஓர் இனிய காட்சி தோன்றும். நண்பகல் வெயிலில் பாய் விரித்து அமர்ந்த மூத்த பெண்கள், கதை பேசியபடியே, கைகளைப் பாராமலே கம்பளிநூலைப் பின்னிக்கொண்டிருப்பர். ஸ்வெட்டரும் குல்லாயும் முடிந்தபின் கூடையில் சிறுசிறு நூலுருண்டைகள் எஞ்சும். அவ்வுருண்டைகளுள் ஒன்று ஒரு சட்டைக்குப் போதாது. ஆனால், ஒரு முயலுக்குப் போதும். அவ்வாறு எஞ்சிய நூலில் பிறப்பனவே பின்னல் பொம்மைகள்.

இக்காட்சி இன்று அருகி வருகிறது. லூதியானா போன்ற நகரங்களின் ஆலைகளிலிருந்து ஆயத்த ஸ்வெட்டர்கள் குறைந்த விலைக்குக் கடைகளில் வந்து குவிகின்றன. பொம்மைகளும் அவ்வாறே. 'சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொம்மையைப் பல மணி நேரம் உழைத்துப் பின்னுவானேன்?' என்று இளையோர் வினவுவது இயல்பு. அவ்வினா நேர்மையானது, ஆதலின் அதற்கு நேர்மையான விடையும் தேவை.

ஆறு கண்ணிகளில் ஒரு தலை

பின்னல் இருவகைப்படும். இரண்டு நீண்ட ஊசிகளால் பின்னுவது ஒருவகை. ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே மற்றொரு வகை. உருண்டையான சிறு பொம்மைகளுக்குக் குரோஷே மிகவும் ஏற்றது. ஜப்பானியர் இக்கலையை 'அமிகுருமி' என்பர். பின்னல் எனப் பொருள்படும் 'அமி' என்னும் சொல்லும், பஞ்சடைத்த பொம்மையைக் குறிக்கும் 'நுயிகுருமி' என்னும் சொல்லும் இணைந்து பிறந்த பெயர் அது.

பொம்மையின் தலை ஒரு சிறு வளையத்தில் தொடங்குகிறது. அவ்வளையத்தில் 6 கண்ணிகள் போடப்படும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பின்னினால் 12 ஆகும். மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு பின்னினால் 18. அடுத்த சுற்றில் 24. சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டும்வரை பின்னல் தட்டையான வட்டமாக விரியும். கூட்டுவதை நிறுத்திவிட்டுச் சில சுற்றுகள் அதே எண்ணிக்கையில் பின்னினால் அவ்வட்டம் கிண்ணமாகக் குவியும். பிறகு கூட்டியவாறே குறைத்து, வாய் மூடுவதற்குமுன் பஞ்சை அடைத்தால், உள்ளங்கையில் அடங்கும் ஒரு தலை உருவாகிவிடும்.

ஆறின் வாய்பாட்டைத் தாளில் எழுதுவதைவிட நூலில் எழுதுவது மனத்தில் ஆழப் பதியும். கூட்ட வேண்டிய அளவுக்குமேல் கண்ணிகளைக் கூட்டினால் பின்னலின் விளிம்பு கீரைஇலைபோல அலையலையாகச் சுருங்கும். தொடக்கநிலையினர் அதைப் பிழை என்று எண்ணிப் பிரித்துவிடுவர். ஆனால், லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணிதப் பேராசிரியர் டைனா டைமினா, 1997ஆம் ஆண்டில் அந்த அலைவடிவையே கருவியாகக் கொண்டார். தாளால் செய்தால் எளிதில் கிழிந்துபோன அதிபரவளையத் தள மாதிரியை அவர் நூலால் உறுதியாகப் பின்னிக் காட்டினார். அதன் வழியில், ஆஸ்திரேலியாவில் பிறந்த மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்னும் இரட்டைச் சகோதரியர், அழிவை எதிர்நோக்கும் பவளத்திட்டுகளை உலகிற்கு நினைவூட்ட 2005ஆம் ஆண்டில் நூலாலேயே பவளத்திட்டுப் பின்னும் பணியைத் தொடங்கினர். ஒரு பொம்மைத் தலைக்கும் உயர் கணிதத்திற்கும் இடையேயுள்ள தொலைவு சில கண்ணிகள்தாம்.

கண்ணில் பிறக்கும் குணம்

ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு இருவர் இரண்டு யானைகளைப் பின்னினாலும் அவை ஒன்றுபோல் அமைவதில்லை. ஒருவர் நூலை இறுக்கிப் பிடிப்பார். அவருடைய யானை விறைத்து நிற்கும். மற்றவர் தளர்த்திப் பிடிப்பார்; அவருடைய யானை சோம்பலாகச் சாயும். ஒரு காது சற்றே மேலேறித் தைக்கப்பட்டால் அது எதையோ ஒட்டுக்கேட்பதுபோல் தோன்றும். இவையெல்லாம் குறைகள் எனப்படலாம். ஆனால், அக்குறைகளே அப்பொம்மையின் குணங்கள்.

கண்கள்தாம் குணத்தை உறுதி செய்வன. முகத்தின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே, ஒன்றுக்கொன்று விலகி அமைந்த கண்கள் குழந்தைமையைக் காட்டும். நெருங்கி அமைந்த கண்கள் கூர்ந்து நோக்கும் தோற்றம் தரும். புருவமாக ஒரு சாய்ந்த தையல் போட்டுவிட்டால் சாந்தமான கரடியும் சண்டைக்காரனாகிவிடும். தமிழில் 'பாவை' என்னும் சொல் பொம்மையையும் குறிக்கும். கண்ணின் கருமணியையும் குறிக்கும். பொம்மைக்கு உயிர்தருவது எது என்பதை அறிந்தே முன்னோர் இச்சொல்லை ஆண்டனரோ என்று எண்ணத் தோன்றுகிறது. பண்டைத் தமிழ்ச் சிறுமியர் ஈர மணலாலும் கோரைப் புல்லாலும் பாவை செய்து விளையாடியதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. கிடைத்த பொருளில் தோழமையைப் படைத்துக்கொள்ளும் திறன் அன்றே இருந்தது.

குணம் வந்தபின் பெயர் வரும். பெயரைத் தொடர்ந்து கதை வரும். மழைக்கு அஞ்சும் தவளை, கணக்கு மட்டும் வராத ஆந்தை, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கும் முதலை என ஒவ்வோர் உயிருக்கும் ஓர் இயல்பு அமையும். ஒருவரின் இயல்பை மூன்று வரிகளில் எழுதச் சொன்னால் தயங்கும் மாணவர், தாம் படைத்த ஆந்தையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவர். தாம் அறிந்த ஒன்றைப் பற்றி எழுதும்போது மொழி தயங்குவதில்லை. ஆதலின் பின்னல் பொம்மை மொழிவகுப்பிற்கும் உரியது.

ஒரு தாய் பின்னிய பொம்மை

செய்வதில் மகிழ்ச்சி உண்டு. பொருள் நிறைவது கொடுப்பதில்தான். கனடா நாட்டு வரலாற்றில் அதற்கு ஒரு சான்று உள்ளது. மார்க் இஸ்ஃபெல்டு என்பவர் அந்நாட்டுப் படையின் பொறியாளர் பிரிவு வீரர். போரால் சிதைந்த குரோவேஷியாவில், ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் சார்பில் கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் ஈடுபட்டிருந்தார். இடிந்த வீடு ஒன்றின் சிதைவுகளுக்கிடையே ஒரு பொம்மை கிடந்ததைப் படமெடுத்து வீட்டிற்கு அனுப்பினார். அப்படம் அவருடைய தாய் கேரலின் உள்ளத்தை உருக்கியது. அவர் சிறுசிறு கம்பளிப் பொம்மைகளைப் பின்னி மகனுக்கு அனுப்பினார். மகன் அவற்றைத் தம் உடையின் பைகளில் எடுத்துச் சென்று, வழியில் காணும் குழந்தைகளுக்குக் கொடுத்துவந்தார்.

1994ஆம் ஆண்டு ஜூன் மாதம் கண்ணிவெடி விபத்தில் மார்க் உயிரிழந்தார். ஆயினும் பொம்மைகள் நிற்கவில்லை. அவருடைய தோழர்கள் அப்பணியைத் தொடர விரும்பி, மேலும் பொம்மைகள் வேண்டுமெனக் கேட்டனர். அவருடைய செல்லப் பெயரால் அவற்றை 'இஸ்ஸி பொம்மைகள்' என அழைத்தனர். கனடாவின் பல ஊர்களில், மார்க்கை ஒருமுறையும் கண்டிராத பெண்களும் ஆண்களும் அவற்றைப் பின்னத் தொடங்கினர். ஏழை நாடுகளுக்கு அனுப்பப்படும் மருந்துப் பெட்டிகளில் இடைவெளியை நிரப்பும் மென்பொருளாகவும் அவை வைக்கப்பட்டன. மருந்து உடையாமல் சேர்ந்தது. பெட்டியைத் திறந்தபின் பொம்மை குழந்தையின் கைக்குச் சேர்ந்தது.

விலையும் மதிப்பும்

தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு இங்கே விடை கிடைக்கிறது. ஆலைப் பொம்மை இழிந்ததன்று. அதற்குப் பின்னாலும் தொழிலாளரின் உழைப்பு உண்டு. ஆனால், அது எந்தக் குழந்தைக்குச் சேரும் என்பதைச் செய்தவர் அறியார். கையால் பின்னும் பொம்மையோ, பெரும்பாலும் முதல் கண்ணி போடும்போதே ஒருவரை எண்ணிப் பின்னப்படுகிறது. பத்து மணி நேரம் பின்னினால் பத்து மணி நேரம் அவர் நினைவில் இருக்கிறார். பெறுபவர் கையில் சேர்வது நூலும் பஞ்சும் மட்டும் எனின் விலையைக் கணக்கிடலாம். அந்நேரத்தைக் கணக்கிட எந்தக் கடையிலும் தராசு இல்லை.

பெண்களுக்கு மட்டுமா?

'பின்னல் பெண்களின் வேலை' என்பது இன்னொரு தடை. இக்கருத்தை உலக வழக்கே மறுக்கிறது. பெரு நாட்டின் டிட்டிகாக்கா ஏரியிலுள்ள டாக்கிலே தீவில் குல்லாய் பின்னுவோர் ஆண்களே. அங்குச் சிறுவர்கள் இளமையிலேயே அதைக் கற்கின்றனர். அத்தீவின் நெசவுக் கலையை யுனெஸ்கோ 2005ஆம் ஆண்டில் உலகின் அரிய மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. இமாச்சலப் பிரதேசத்து மலை இடையர்கள் ஆட்டுமந்தையின் பின்னே நடந்தபடியே தக்ளியில் கம்பளி நூற்பர். 1919ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் தொடங்கப்பெற்ற முதல் வால்டார்ஃப் பள்ளி, ஆண் பெண் இருபாலர்க்கும் பின்னலைப் பாடமாக்கியது. ஊசிக்கு ஆண் கை, பெண் கை என்னும் வேறுபாடு தெரியாது. அதை வகுப்பறையில் கற்பித்துவிடாமல் இருப்பது பெரியோர் கடமை.

பை இல்லா நாள்கள்

'தேர்வுகளுக்கு நடுவே இதற்கு நேரம் ஏது?' என்பது பெற்றோரின் வினா. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் ஏதேனும் ஒரு காலத்தில் 10 நாள்கள் புத்தகப்பையின்றி, தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் முதலிய உள்ளூர்த் தொழில்வல்லாரிடம் பழக வேண்டும் என்கிறது. அந்நாள்களுள் சிலவற்றைப் பின்னலுக்கு அளிக்கலாம். பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு கொக்கி ஊசி, வீட்டில் எஞ்சிய நூல், சிறிது பஞ்சு ஆகியன போதும். ஆசிரியரைத் தேடி நெடுந்தொலைவு செல்லவும் வேண்டா. குடியிருப்பின் மொட்டைமாடியில் வெயில் காயும் பாட்டியர் வகுப்பறைக்கு அழைக்கப்பட்டால் மகிழ்ந்து வருவர். அவர்கள் இந்தியில் சொல்வதை மாணவர் தமிழில் குறிப்பெடுத்தால், ஒரே பயிற்சியில் மொழியும் தொழிலும் சேர்ந்து வளரும்.

அன்பு மட்டும் இருந்தால் போதாது, செய்நேர்த்தியும் வேண்டும். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மையில் பொத்தான் கண்களை வைக்கலாகாது. குழந்தை அதைப் பிடுங்கி விழுங்கிவிடக்கூடும். நூலாலேயே கண்களைத் தைக்க வேண்டும். பஞ்சு வெளியே வராதவாறு கண்ணிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். துவைத்தால் சாயம் போகாத நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெறுபவரின் நலத்தை எண்ணிச் செய்யும் பழக்கத்தை இச்சிறு விதிகள் கற்பிக்கின்றன.

யாருக்குக் கொடுப்பது? அங்கன்வாடிக் குழந்தைகள் உள்ளனர். முதியோர் இல்லங்கள் உள்ளன. அதைவிட அருகில், பக்கத்து இருக்கையிலேயே ஒருவர் உள்ளார். நடுவணரசுப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோரின் பணிமாற்றம் பழகிப்போன ஒன்று. ஆண்டு முடிவில் ஒருவர் ஜோத்பூருக்கும், ஒருவர் குவாஹாத்திக்கும், ஒருவர் கொச்சிக்கும் புறப்படுவர். சாமான்கள் லாரியில் ஏறும். கண்ணாடிப் பொருள்கள் உடையும். புத்தகங்கள் பழைய கடைக்குப் போகும். பின்னல் பொம்மை உடையாது, கனக்கவும் கனக்காது. புதிய ஊரில், பெயர் தெரியாத வகுப்பறைக்குச் செல்லும் முதல் நாளில், பையின் ஓரத்தில் ஒரு காது மேலேறிய யானை இருந்தால், அதைப் பின்னிய கையின் நினைவும் உடன் இருக்கும்.

ஆதலின், ஒவ்வொரு மாணவரும் பள்ளிப் பருவத்தில் ஒரு பொம்மையையேனும் பின்னக் கற்க வேண்டும். கற்றதும் அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். அதன் கழுத்தில் ஒரு சிறு அட்டையைக் கட்டி, அதன் பெயரையும் இயல்பையும் தமிழில் எழுதி அனுப்பலாம். தமிழ் படிக்கத் தெரியாதவர் கையில் அது சேர்ந்தால், அவ்வட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் யாரிடமேனும் கேட்பார். அங்கே ஒரு புதிய உரையாடல் தொடங்கும்.

சிந்தித்து எழுதுக

1. பின்னல் பொம்மையின் குறைகளே அதன் குணங்கள் என்று கட்டுரை கூறுவதற்குக் காரணம் யாது?
2. இஸ்ஸி பொம்மைகள் ஒருவரின் மறைவிற்குப் பின்னும் தொடர்ந்தது எவ்வாறு?
3. 'விலை', 'மதிப்பு' ஆகிய சொற்களின் பொருள் வேறுபாட்டை உம் வாழ்வில் கண்ட ஒரு பொருளைக் கொண்டு விளக்குக.
4. கட்டுரையில் நீவிர் உடன்படாத கருத்து ஒன்றைத் தேர்ந்து, தக்க காரணங்களுடன் ஒரு பத்தியில் மறுத்து எழுதுக.
5. நீவிர் பின்ன விரும்பும் ஓர் உயிரைக் கற்பனை செய்து, அதன் கழுத்தில் கட்டுவதற்கேற்ற அறிமுக அட்டையை ஐந்து வரிகளில் எழுதுக.