முத்தும் போனது, ஏடும் போனது!

தமிழில் அச்சான முதல் நூல் எது? அது யாருக்காக அச்சிடப்பட்டது? இன்று எங்கே இருக்கிறது?

திரேஸ்புரம் கடற்கரையில் விடியுமுன் நாட்டுப்படகைத் தள்ளும் தோழனிடம் இதைக் கேட்டால், தெரியாது என்பான். அது அவன் குற்றமல்ல. சொல்லவேண்டியவர்கள் அவனுக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்த வரலாறு அவனுடைய பாட்டன் முப்பாட்டன் வரலாறு. ஆகவே நாம் சொல்லுகிறோம்.

நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்.’ பதினாறே பக்கம். 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சேறி இன்றும் கண்ணால் காணக் கிடைக்கும் நூல்களில் அதுவே மூத்தது. வங்காளத்துக்கு முன், மராத்திக்கு முன், இந்திக்கு முன் அச்சு மை பூசிக்கொண்ட மொழி நம் தமிழ்!

ஆக்கியவர் அண்டிரிக் அடிகள். போர்ச்சுகல் நாட்டிலிருந்து வந்த பாதிரியார். முத்துக்குளித்துறையிலே அரை நூற்றாண்டு வாழ்ந்து, பரவர் குடியிருப்புகளில் தமிழ் பேசக் கற்று, எழுதக் கற்று, 1600இல் புன்னைக்காயலில் மாண்டு, தூத்துக்குடி மண்ணிலே புதைக்கப்பட்டவர். புத்தகம் இந்தக் கரை மக்களுக்காக. அச்சுக்கூடத்துக்குப் பணம் கொடுத்தவர்களும் இந்தக் கரை மக்களே. கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி, மூச்சடக்கி, சிப்பி அள்ளிச் சம்பாதித்த காசு தமிழுக்கு முதல் அச்செழுத்து வார்க்க உதவியது.

அந்தப் புத்தகம் இன்று தூத்துக்குடியில் இல்லை. சென்னையில் இல்லை. தில்லியிலும் இல்லை. உலகத்தில் உள்ளதாகத் தெரிந்த ஒரே ஒரு படி அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கிறது!

“கொள்ளை கொண்டு போய்விட்டான்” என்று கூவுவது எளிது. நாம் அப்படிக் கூவப்போவதில்லை. அவன் எப்படிச் சேர்த்தான், நாம் எப்படி இழந்தோம் என்று கணக்குப் பார்ப்பதே பகுத்தறிவு.

1638இல் ஜான் ஹார்வர்டு என்பவர் சாகும்போது தம் சொத்தில் பாதியையும் ஏறத்தாழ 400 புத்தகங்களையும் ஒரு சின்னக் கல்லூரிக்கு எழுதிவைத்தார். அதுதான் விதை. 1764இல் தீப்பிடித்தது. நூலகம் அநேகமாக முழுவதும் சாம்பலாயிற்று. அவர்கள் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கவில்லை, திரும்பச் சேர்த்தார்கள். 1912இல் டைட்டானிக் கப்பலோடு மூழ்கிய மகனின் நினைவாக ஒரு தாய் கொடுத்த பணத்தில் 1915இல் வைடனர் நூலகம் எழுந்தது. அரிய நூல்களைக் காக்கவென்றே 1942இல் ஹௌட்டன் நூலகம் திறக்கப்பட்டது. இன்று ஹார்வர்டு நூலகங்களில் உள்ளவை சுமார் இரண்டு கோடித் தொகுதிகள். உலகிலேயே பெரிய பல்கலைக்கழக நூலகம் அது.

தமிழனும் தீயைக் கண்டவன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. அது பகைவன் வைத்த தீ. இங்கே, தமிழ்நாட்டில், தீ வைக்க எவனும் வரவில்லை. கரையானுக்குக் கொடுத்தோம். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டோம். பழைய பேப்பர்க்காரனுக்கு எடைக்குப் போட்டோம்.

“அது மதப் புத்தகம்தானே? கடவுள் மறுப்புப் பேசும் நமக்கு அதனால் என்ன?” என்று கேட்கும் தோழர்களும் உண்டு. வந்தவர் மதம் பரப்ப வந்தார் என்பது உண்மை. அவர் பின்னால் போர்ச்சுகீசியப் பீரங்கியும் இருந்தது, முத்து வருவாய் மீது கண்ணும் இருந்தது என்பதும் உண்மை. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் நாம் தேடுவது மந்திரத்தை அல்ல, எழுத்தை. நானூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் தமிழ் எப்படிப் பேசப்பட்டது, எப்படி எழுதப்பட்டது என்பதற்கு அது சாட்சி. சாட்சியைத் தொலைத்தவன் வழக்கில் வெல்லமுடியாது.

தொலைந்ததைத் தேடிப்போனவரும் இந்தத் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியாற்றியவர்தான். தனிநாயகம் அடிகள். ஐரோப்பிய நூலகங்களின் படியேறி இறங்கினார். 1679இல் அச்சான தமிழ்-போர்ச்சுகீசிய அகராதியை 1954இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966இல் கோலாலம்பூரில் மறுபடி அச்சாக்கினார். அண்டிரிக் அடிகளின் மற்ற இரு நூல்களையும் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகமே மீண்டும் வெளியிட்டது. 1963இல் ‘கிரிசித்தியானி வணக்கம்.’ 1967இல் ‘அடியார் வரலாறு.’ மனம் இருந்தால் கடல் கடந்த ஏடும் ஊர் திரும்பும் என்பதை இந்த ஊரே காட்டியிருக்கிறது. அன்று காட்டிய ஊக்கம் இன்று எங்கே?

இன்னொருவரையும் தோழர்கள் அறியவேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். பட்டம் பெற்ற பேராசிரியர் அல்லர். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. வாங்கிய பல்கலைக்கழகம் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. படச்சுருளில் படி எடுத்துக்கொண்டு, மூலத்தைத் தமிழ்நாட்டிலேயே விட்டது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. தொழிலாளி ஒருவன் சேர்த்த குப்பையைத் தேடி இன்று உலக அறிஞர்கள் விமானமேறி வருகிறார்கள்!

எது குப்பை, எது வரலாறு? 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி. முன்னின்றார். தொழிலாளர் வென்றார்கள். ஆனால் அந்தப் போராட்டத்தை ஆராயப் புகுகிறவன் கையில் கிடைப்பது பெரும்பாலும் அன்றைய வெள்ளை அரசாங்கத்தின் குறிப்பும் பத்திரிகைச் செய்தியும்தான். ஆலையில் நூல் நூற்றவன் என்ன பேசினான், அவன் மனைவி எப்படி அடுப்பெரித்தாள் என்பதைத் தேடிப் பார்க்கவேண்டியிருக்கிறது. அடித்தவன் குறிப்பு வைத்திருக்கிறான், அடிபட்டவன் வைக்கவில்லை.

இன்றும் அதே கதைதான். அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. முத்துக்குப் போனவர்களில் எஞ்சியோர் முதியவர்கள். எந்தப் பார் எங்கே இருக்கிறது, கச்சான் அடித்தால் தண்ணீர் எப்படி ஓடும், சங்குக்கு எத்தனை பாகம் இறங்கவேண்டும் என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள்ளே இருக்கிறது. புத்தகத்தில் இல்லை. அவர்களோடு அதுவும் போய்விட்டால், எந்த ஹார்வர்டிலும் அதற்குப் படி கிடைக்காது.

ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைய உலகத் தமிழர் அள்ளிக் கொடுத்தார்கள். 2017இல் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் அறிவித்தது. 2018இல் 60 லட்சம் டாலர் சேர்ந்தது. மகிழ்ச்சி. அங்கே நாற்காலி போட்ட நாம், இங்கே ஓர் அலமாரியாவது போடவேண்டாமா?

ஆட்சிப் பீடத்தில் எவர் அமர்ந்தாலும் நாம் கேட்பது இதுதான். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறீர்கள். உப்பளத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் கொடுக்கும் காசு அதில் இருக்கிறது. அந்த உரிமையில் கேட்கிறோம். தூத்துக்குடியில் முத்துக்குளித்துறைக்கென ஓர் ஆராய்ச்சி நூலகம் வேண்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அதற்குப் பொறுப்பேற்கட்டும். ஹார்வர்டு, வத்திக்கான், லிஸ்பன் ஆகிய இடங்களில் உள்ள நம் கரை நூல்கள் ஒவ்வொன்றுக்கும் நல்ல படி அங்கே வரவேண்டும். படித்தவன் மட்டுமல்ல, வலை தைக்கிறவனும் உள்ளே நுழைந்து, உட்கார்ந்து, கேட்டுப் பார்க்கும் இடமாக அது இருக்கவேண்டும்.

கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதா? கூடாது. நம் இயக்கம் வளர்ந்தது மாளிகையில் அல்ல. தெருமுனைப் படிப்பகத்தில், தேநீர்க் கடைப் பலகையில், ஒருவன் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்ட கூட்டத்தில். அந்தப் படிப்பகங்கள் ஒவ்வொன்றிலும் இனி ஒரு பெட்டி வையுங்கள். சங்கத்தின் மினிட்ஸ் புத்தகம், சந்தா ரசீது, போனஸ் போராட்டத் துண்டறிக்கை, பழைய மாநாட்டு மலர் எதையும் எடைக்குப் போடாதீர்கள். தேதி குறித்துப் பெட்டியில் வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞன் வாரம் ஒரு மாலை ஒரு முதியவரின் திண்ணையில் உட்காரட்டும். அவர் சொல்லுவதைச் சொன்னபடியே எழுதட்டும்.

நானூறு புத்தகத்தில் தொடங்கியவன் இரண்டு கோடிக்குப் போனான். நாம் ஒரு பெட்டியில் தொடங்குவோம். திரேஸ்புரத்தில் முதல் பெட்டி திறக்கட்டும்!