சிமெண்டுக்கும் எக்ஸ்ரே!

கை முறிந்தால் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். நெஞ்சில் சளி கட்டினால் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். சிமெண்டுக்கும் எக்ஸ்ரே சோதனை உண்டு என்றால் பலர் வியப்பார்கள். உண்டு! அது மிகவும் அவசியம். லண்டன் நகரில் நடந்த ஒரு விபத்து, அதன் அவசியத்தை நன்றாக விளக்கும்.

இடிந்த கூரை

லண்டனில் ஸ்டெப்னி என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூடம். மாணவர்கள் நீந்திப் பழக அங்கே ஒரு குளம். குளத்துக்கு மேலே கான்கிரீட் கூரை. கூரை போட்டுப் பத்து ஆண்டு கூட ஆகவில்லை. 1974-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் கூரையின் உத்தரங்கள் முறிந்து விழுந்தன. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

உத்தரங்களில் சேர்த்தது மட்டமான சிமெண்டா? இல்லை. "அலுமினா சிமெண்டு" என்ற விலை உயர்ந்த சிமெண்டு அது. சாதாரண சிமெண்டு பல நாட்களில் அடையும் பலத்தை அது ஒரே நாளில் அடைந்துவிடும். அதனால்தான் அதை விரும்பி வாங்கினார்கள்.

ஆனால் குளத்தின் மேலே வெப்பமும் ஈரமும் எப்போதும் இருந்தன. அந்தச் சூட்டில், இறுகிப் போன சிமெண்டுக்குள் இருந்த நுண்ணிய படிகங்கள் மெல்ல மெல்ல வேறு வகைப் படிகங்களாக மாறின. புதிய படிகங்களுக்கு இடம் குறைவாகவே வேண்டும். ஆகவே உள்ளே சின்னஞ்சிறு ஓட்டைகள் விழுந்தன. கான்கிரீட்டின் பலம் குறைந்தது. வெளியே பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒரே மாவு, வேறு கோலம்

வாசலில் கோலம் போடும் பெண்களுக்கு இது எளிதில் விளங்கும். மாவு ஒன்றுதான். புள்ளி வைக்கும் முறை மாறினால் கோலம் மாறிவிடும். மாவை எடுத்துச் சோதித்தால் "இது அரிசி மாவு" என்றுதான் சொல்லலாம். என்ன கோலம் என்று சொல்ல முடியாது.

சிமெண்டும் அப்படித்தான். ரசாயன சோதனை, அதில் சுண்ணாம்பு எவ்வளவு, மணல் சத்து எவ்வளவு என்று சொல்லும். அவை எந்தப் படிகமாக அமைந்திருக்கின்றன என்பதைக் காட்டுவது எக்ஸ்ரே.

எப்படிக் காட்டுகிறது? படிகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக, அடுக்கு அடுக்காக நிற்கின்றன. பொடி செய்த சிமெண்டின் மேல் எக்ஸ்ரே கதிரைச் செலுத்தினால், அது சில குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் பலமாகத் திரும்புகிறது. அடுக்குகளின் இடைவெளி மாறினால் கோணமும் மாறும். மனிதனுக்குக் கைரேகை போல, ஒவ்வொரு படிகத்துக்கும் தனிக் கோணங்கள் உண்டு.

படிகத்தில் பட்டால் எக்ஸ்ரே இப்படிச் சிதறும் என்பதை 1912-ல் ஜெர்மன் விஞ்ஞானி லாவே கண்டறிந்தார். அதற்குக் கணக்கு வகுத்தவர்கள் இங்கிலாந்தில் பிராக் என்ற தந்தையும் மகனும். 1915-ல் இருவரும் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்கள். அப்போது மகனுக்கு வயது 25தான்!

ஆலையில் என்ன பயன்?

சாதாரண சிமெண்டுக்கும் இந்தச் சோதனை தேவை. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சூளையில் சுமார் 1,450 டிகிரி சூட்டில் வேகவைக்கிறார்கள். வேக்காடு போதாவிட்டால் சுண்ணாம்பு சேராமல் தனித்து நிற்கும். கட்டிடம் எழுந்த பிறகு அது ஈரம் பட்டு உப்பி, விரிசல் உண்டாக்கும். வெந்த கட்டியை மிக மெதுவாக ஆறவிட்டாலும் கெடுதல்தான். அதில் உள்ள ஒரு படிகம் உருமாறி, தண்ணீர் ஊற்றினாலும் இறுகாத வெறும் பொடியாகிவிடும். இந்த இரண்டு குறைகளையும் எக்ஸ்ரே காட்டிக் கொடுக்கும். இன்று பல ஆலைகளில் சில நிமிடங்களிலேயே முடிவு தெரிகிறது. உடனே சூளையைச் சரிசெய்துவிடலாம்.

எக்ஸ்ரேயே எல்லாம் அல்ல. கொத்தனார் தண்ணீரை அதிகமாக ஊற்றினாலும், கம்பியைக் குறைத்துப் போட்டாலும் சிமெண்டுப் பொடியின் எக்ஸ்ரே அதைத் தடுக்காது. கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் சோதனையும், நேர்மையான மேற்பார்வையும் என்றும் தேவை.

சொந்த வீடு கட்டுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. வீடு கட்டச் சாதாரணமாக வாங்கும் சிமெண்டு, அலுமினா சிமெண்டு அல்ல. அது இன்று பெரும்பாலும் உலைகளின் உட்பூச்சுக்கே பயன்படுகிறது.

ஆனால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாலம் ஆகியவற்றைக் கட்டுகிறவர்களின் பொறுப்பு பெரிது. "இன்ன சரக்கு, இவ்வளவு" என்ற சீட்டு மட்டும் அவர்களுக்குப் போதாது. புதிய வகைச் சிமெண்டு வந்தால், அது வெயிலிலும் ஈரத்திலும் பல ஆண்டு கழித்து என்ன ஆகும் என்பதையும் சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகும் செலவை வீண் செலவு என்று யாரும் நினைக்கக்கூடாது. ஸ்டெப்னியில் அந்தக் கூரையின் கீழே நீந்தியவர்கள் பள்ளிப் பிள்ளைகள்!