காசு கொடுத்து வாங்கிய கார்டுக்கு யார் எஜமான்?

நமது சங்கப் படிப்பகத்துக்குப் பழைய லேப்டாப் ஒன்று வந்து சேர்ந்தது. பி.எஃப். கணக்குப் பார்க்கவும், பட்டா, சிட்டா நகல் எடுக்கவும் தோழர்கள் கடைகளில் காசு கொடுத்து வருகிறார்கள். அந்தச் செலவாவது மிஞ்சட்டும் என்று எண்ணினோம்.

அதிலிருந்தது விண்டோஸ் 10. அதற்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐப் போடலாம் என்றால், இவ்வளவு பழைய மெஷின் தனக்கு ஆகாது என்கிறது அது. நன்றாக ஓடுகிற மெஷினைக் குப்பையில் போடவேண்டுமாம்! நாம் போடவில்லை. டெபியன் என்னும் இலவச லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி நிறுவத் தொடங்கினோம்.

பாதியில் நின்றது. வைஃபை கார்டுக்கு வேண்டிய ஒரு ஃபைல் இல்லையாம். அதை இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டுமாம். இன்டர்நெட் வேண்டுமானால் கார்டு வேலை செய்யவேண்டும்! பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

இது ஏன் நேருகிறது? மில் கேட்டில் டோக்கன் நம்பரைச் சொல்லி உள்ளே போகிறோம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டு நம்பர்கள் உண்டு. ஒன்று கம்பெனியைச் சொல்லும், மற்றது மாடலைச் சொல்லும். புதிய சிஸ்டம் தன் மஸ்டர் ரோலில் அந்த நம்பர்களைத் தேடி, பொருத்தமான டிரைவரை அழைக்கிறது. நமது கார்டின் நம்பர் ரோலில் இருந்தது. ஆயினும் பல கார்டுகள் தம் வேலைமுறையைத் தமக்குள் வைத்திருப்பதில்லை. கரண்ட் வந்ததும் சிஸ்டம்தான் ஒரு ஃபைலை அவற்றுக்குள் ஏற்றவேண்டும். அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். அந்தச் சிறிய ஃபைலை மற்றவர்கள் நகலெடுத்து வழங்குவதற்கு, இந்தக் கார்டைச் செய்த கம்பெனி அனுமதி தரவில்லை. கோளாறு இவ்வளவுதான்.

இது என்ன நியாயம்? அந்த ஃபைல் இல்லாமல் கார்டு வெறும் தகடு. கார்டின் விலையிலேயே அதன் விலையும் அடங்கிவிட்டது. தறியை விற்றுவிட்டு, அதை ஓட்டும் முறையைப் பெட்டியில் பூட்டி வைப்பவனை வியாபாரி என்று சொல்வோமா?

2004-ல் ஓப்பன்பிஎஸ்டி என்னும் சிஸ்டத்தை உருவாக்கி வந்த தியோ டி ராட், ஃபர்ம்வேரைத் தடையின்றி வழங்க அனுமதி கேட்டுக் கம்பெனிகளுக்கு எழுதும்படி தம் சிஸ்டத்தைப் பயன்படுத்துவோரை அழைத்தார். அவர்களும் எழுதினார்கள். சில கம்பெனிகள் இணங்கின. சில காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று பல கார்டுகள் தாமாகவே வேலை செய்வதில் அத்தகைய நெருக்குதலுக்கும் பங்குண்டு.

டெபியன்காரர்கள் நெடுங்காலம் இந்த மூடிய ஃபைல்களைத் தமது நிறுவல் வட்டில் சேர்க்க மறுத்து வந்தார்கள். 2022-ல் வாக்கெடுப்பு நடத்தி, சேர்ப்பதென முடிவு செய்தார்கள். 2023 ஜூன் 10-ல் வெளியான டெபியன் 12 முதல் அவை உள்ளேயே வருகின்றன. கொள்கையை விட்டுவிட்டார்கள் என்று சிலர் குறை சொல்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய மெஷினோடு வருகிற ஏழையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு யாருக்குச் சுதந்திரம் பேசுவது? ஆனால் பிறருக்கு வழங்க அனுமதியே இல்லாத ஃபைலை அவர்களாலும் சேர்க்க முடியாது. நமது கார்டு அந்த ரகம்.

பின் என்ன செய்தோம்? நூற்பு இலாகாவில் வேலை செய்யும் இளம் தோழர் ஒருவர் தம் ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜ் ஒயரால் லேப்டாப்பில் இணைத்து, போனில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்தார். போனையே ஒரு நெட்வொர்க் கார்டாக சிஸ்டம் எடுத்துக்கொண்டது! அதன் வழியே ஃபைலை இறக்கினோம்; வைஃபை உயிர் பெற்றது. அன்றிரவே நான்கு தோழர்கள் தங்கள் பி.எஃப். கணக்கைப் பார்த்தார்கள். ஒருவர் கணக்கில் இரண்டு மாதப் பணம் ஏறவில்லை. சங்கம் அதை எழுதி வாங்கியிருக்கிறது.

மற்றப் படிப்பகங்களுக்கு ஒன்று சொல்வோம். பழைய மெஷின் யாராவது கொடுத்தால், அதிலிருப்பதை அழிக்குமுன் டிவைஸ் மேனேஜரில் கார்டின் அந்த இரண்டு நம்பர்களைப் பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். பென் டிரைவிலிருந்தே சிஸ்டத்தை ஓட்டிப் பார்த்து, வைஃபை வருகிறதா என்று சோதித்த பிறகு நிறுவுங்கள். புதிதாக வாங்குவதானால், லினக்ஸில் ஓடுமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். ஓட்டிக் காட்டிய பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.