தும்பைக்கும் ஒரு பை

தம்பானூர் போன்ற நெருக்கமான பகுதிகளில் மொட்டைமாடியே தோட்டம். ‘ஓணத்தினு ஒரு முறம் பச்சக்கறி’ என்னும் கேரள வேளாண்துறைத் திட்டம் வீட்டுக் காய்கறி வளர்ப்பை ஊக்குவித்துள்ளது, நன்று. ஆனால், அந்தப் பைகளில் தானாக முளைக்கும் தும்பை ‘களை’ எனப் பிடுங்கப்படுகிறது. ஓணப் பூக்களத்துக்கோ தோவாளைச் சந்தையிலிருந்து பூ வருகிறது.

பாகலிலும் பூசணியிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ வாராவிடின் காயில்லை. அத்தேனீயை அழைப்பவை தும்பை போன்ற காட்டுப்பூக்களே.

குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் மலர்களுள் தும்பையும் ஒன்று. மலையாளத்தில் அது தும்ப. 1963இல் இந்திய மண்ணின் முதல் ஆய்வு ஏவூர்தி எழுந்த, இந்நகரின் கடற்கரை ஊருக்கும் அதுவே பெயர். செடியைக் கண்டறியாத தலைமுறைக்கு அப்பெயர் வெறும் ஓசை. அகராதி சொல்லைக் காக்கலாம். பொருளைக் காக்க, களையெடுக்காத ஒரு பை வேண்டும்.