பூட்டிய மாளிகையும் அடுக்குக் கட்டிலும்

பேய் என்பதாக ஒன்று இல்லை என்று நாம் எத்தனையோ தடவை எழுதியிருக்கின்றோம். ஆனால் வெளிநாடுகளுக்குப் பிழைக்கப் போயிருக்கும் நமது தோழர்களில் அனேகரைப் பார்க்கும்போது ஒரே ஒரு பேய் மாத்திரம் இருக்கத்தான் இருக்கின்றது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிருக்கின்றது. அதுதான் அடுத்தவன் வீட்டு மாடிப் பேய்.

சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் ஒரு தோழரை எடுத்துக்கொள்வோம். பகலெல்லாம் வெயிலில் கம்பி கட்டிவிட்டு, இரவு விடுதிக்கு வந்து, இரட்டை அடுக்குக் கட்டிலின் மேல் அடுக்கில் ஏறிப் படுக்கின்றார். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். தலைமாட்டில் ஒரு பெட்டி, கால்மாட்டில் ஈரத் துண்டு. அந்த நிலையில் செல்போனைத் திறந்தால் ஊரில் பங்காளி கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசப் படம் வருகின்றது. இரண்டு மாடி, முகப்பில் நாலு தூண், வாசலில் சலவைக்கல். அன்று முதல் இவருக்குச் சோறு இறங்குவதில்லை. தாம் படுத்திருப்பது ஆறடிக்கு மூன்றடி இடம் என்பது இவரை உறுத்துவதில்லை. பங்காளி வீடு தம் வீட்டைவிட ஒரு மாடி உயர்ந்துவிட்டதே என்பதுதான் உறுத்துகின்றது. இதைத்தான் நாம் வியாதி என்கின்றோம்.

அந்த ஆறடிக்கு மூன்றடி சங்கதியைச் சற்று விவரமாய்ப் பார்க்கவேண்டும். 2020 ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது சிங்கப்பூரில் இப்படிப்பட்ட விடுதிகளில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டார் ஏராளம். அந்த வருஷம் முடிவதற்குள் அவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 47 பேரை அந்நோய் தொட்டுவிட்டது என்று அந்நாட்டுச் சர்க்காரே கணக்குக் கொடுத்தார்கள். விடுதிக்கு வெளியே ஊருக்குள் இருந்தவர்களுக்கு அதில் மிகச் சொற்பமே. காரணம் கிரகக் கோளாறு அல்ல. ஓர் அறையில் பன்னிரண்டு பேர், பதினாறு பேர் என்று அடைத்து வைத்திருந்ததுதான் காரணம். அதற்குப் பின்னர்தான், 2021 இல், இனிமேல் புதிதாய்க் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடமாவது இருக்கவேண்டும் என்று விதி ஏற்படுத்தினார்கள். நமது கணக்கில் இது சுமார் 45 சதுர அடி. அதாவது இரண்டரைப் பாய் விரிக்கும் இடம். ஒரு பெரிய நோய் வந்து, உலகமெல்லாம் திரும்பிப் பார்த்த பிறகு ஒரு தொழிலாளிக்குக் கிடைத்த இடம் இவ்வளவுதான்.

இப்போது ஊரில் எழும்பும் வீட்டுக்கு வருவோம். 2000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு இது ஒன்றும் பெரிய வீடென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வீட்டுக்காரர் கடல் கடந்து படுத்திருக்கும் அதே அளவில் ஆட்களைப் படுக்கவைத்தால், அந்த வீட்டில் 44 பேர் படுக்கலாம். படுத்திருப்பவர் எத்தனை பேர்? ஒரு மனைவி, ஒரு குழந்தை, ஒரு கிழத்தாய். வீட்டுக்காரரோ இரண்டு வருஷத்திற்கு ஒரு தடவை ஒரு மாதம் லீவில் வருகின்றவர். இருபது வருஷம் அங்கே உழைத்தால் தாம் கட்டிய வீட்டில் அவர் படுத்தது பத்து மாதம். பத்து மாதத்திற்காக இருபது வருஷம் மூட்டைப்பூச்சிக்கு இரத்தம் கொடுத்தவரை உலகம் "கெட்டிக்காரன், வீடு கட்டிவிட்டான்" என்கின்றது!

அந்த வீட்டுக்குள் இருக்கும் பெண்ணைப்பற்றி யாரும் பேசுவதில்லை. வீடு வேண்டுமா, எத்தனை அறை வேண்டுமா என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை. வரைபடம் போட்டவர் மேஸ்திரி, திருத்தியவர் மாமனார், ஒப்புக்கொண்டவர் செல்போனில் புருஷன். எட்டு அறைகளையும் தினம் கூட்டி மெழுகுவது மட்டும் அவள் பங்கு. இரவில் கீழே ஓர் அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, மேலே ஏழு அறைகளும் இருட்டாய்க் கிடக்க, கதவைத் தாழிட்டுப் படுத்துக்கொள்கிறாள். காவற்காரனுக்குக்கூடச் சம்பளம் உண்டு, ஒரு நாள் லீவும் உண்டு. கலியாணமாகிப் பத்து வருஷத்தில் புருஷனோடு வாழ்ந்த நாட்களை எண்ணிச் சொல்லக்கூடிய பெண்கள் நம் கிராமங்களில் எத்தனையோ பேர் இருக்கின்றார்கள். அவர்களில் யாரையாவது கேட்டுப் பாருங்கள்: மேல் மாடி வேண்டுமா, புருஷன் இரண்டு வருஷம் முன்னதாகத் திரும்பி வரவேண்டுமா என்று. அந்த மேல் மாடியின் விலை அந்த இரண்டு வருஷந்தான்.

இனி வாஸ்து என்னும் வேடிக்கைக்கு வருவோம். பங்காளியைவிடப் பெரிய வீடு கட்டவேண்டுமென்று ஒருவர் துணிந்தவுடன், எங்கிருந்தோ மூக்கில் வியர்த்து ஒரு வாஸ்து நிபுணர் வந்துவிடுகின்றார். சமையலறை அக்கினி மூலையில் இல்லை, இடி என்கின்றார். வாசற்படி இரண்டு அடி தள்ளிப் போயிற்று, அதனால்தான் உனக்கு வெளிநாட்டில் சம்பளம் உயரவில்லை என்கின்றார். முதலாளி சம்பளம் கொடுக்காததற்கு வாசற்படிமேல் பழி! நமது தோழர் மறுபடியும் கடன் வாங்கி இடித்துக் கட்டுகின்றார். இவர் சற்று யோசித்துப் பார்க்கக்கூடாதா? சிங்கப்பூரில் தம் கையாலேயே கான்கிரீட் போட்டு எழுப்பிய அடுக்குமாடியில், கீழிருந்து மேல்வரை ஒரே வரிசையில் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் சமையலறை ஒரே மூலை, கக்கூசு ஒரே மூலை, வாசல் ஒரே திசை. வாஸ்து உண்மையானால் அந்த வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நாளில் பணக்காரராகவோ பாப்பராகவோ ஆகியிருக்கவேண்டுமே! ஐந்தாம் மாடியில் டாக்டரும், ஆறாம் மாடியில் கடன்காரரும், ஏழாம் மாடியில் பள்ளிக்கூட வாத்தியாரும் எப்படி இருக்கின்றார்கள்?

இதற்கெல்லாம் மேலே திருஷ்டிப் பொம்மை வேறு. ஊரார் எல்லோரும் பார்க்கவேண்டுமென்றுதான் வீடே கட்டுகின்றார். கட்டிய பிறகு, யாரும் பார்க்கக்கூடாது என்று நாக்கை நீட்டிய பூதத்தின் தலையை மாடியில் தொங்கவிடுகின்றார். எது வேண்டுமென்று அவருக்கே தெரியவில்லை.

நிற்க. நாம் இவ்வளவு சொன்னதால், ஏழை பெரிய வீட்டுக்கு ஆசைப்படக்கூடாது, குடிசையே போதும் என்று உபதேசம் செய்ய வந்தோம் என யாரும் நினைத்துவிட வேண்டாம். "உள்ளதே போதும்" என்பது கோவில் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுகின்றவன் உழைப்பவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அது நமது பாடம் அல்ல. இந்த நாட்டில் வீடு என்பது வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும் அல்லவே! கொங்கு நாட்டுக் கம்மாளர்கள் தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளவும், காலில் செருப்புப் போட்டுக்கொள்ளவும் அரசன் அனுமதி கொடுத்ததைக் கல்லில் வெட்டி வைத்திருக்கின்றார்கள். அனுமதி கொடுத்தான் என்றால் அதற்கு முன் பூசக்கூடாதென்றுதானே அர்த்தம்? ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுக்கும் ஜாதியார் தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச உத்தரவு வேண்டியிருந்தது! திருவாங்கூர் சமஸ்தானத்திலோ, சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டக்கூடாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தடை இருந்தது. ஆகவே, தலைமுறை தலைமுறையாய் மாடி கட்டக்கூடாது என்று தடுக்கப்பட்டவன் பேரன் கடல் கடந்து சம்பாதித்து ஒரு மாடி கட்டினால், அதைப் பகட்டு என்று நாம் ஒருக்காலும் சொல்லமாட்டோம். அது ஜாதியின் முகத்தில் விட்ட அறை.

அந்த அறை வாங்கினவர்கள் சும்மா இருப்பதில்லை என்பதற்குத் தருமபுரி ஜில்லாவே சாட்சி. நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய காலனிகளில் இருந்த ஆதிதிராவிட மக்கள் வெளிநாடு போகவில்லை. பெங்களூர் முதலிய ஊர்களுக்குப் போய் உழைத்துச் சம்பாதித்துக் கல் வீடு கட்டினார்கள். 2012 நவம்பர் 7 ஆம் தேதி இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளைக் கும்பலாய் வந்து கொளுத்திச் சூறையாடினார்கள். சாக்கு ஒரு கலப்பு மணம். வீட்டுச் சாமான்களையும், வண்டிகளையும், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களையும் எரித்ததற்குக் கலப்பு மணமா காரணம்? பொறாமை கீழே இருப்பவனுக்கு மாத்திரந்தான் வரும் என்பது தப்பு. மேலே இருப்பதாய் நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு வரும் பொறாமைதான் கையில் தீப்பந்தத்தோடு வருகின்றது.

ஆதலால் நாம் கேட்பதெல்லாம், எந்த வீட்டுக்காக, யாரைப் பார்த்து என்பதுதான். சின்ன இடத்தில் வாழ்வது தானாகவே அவமானமா? அந்தச் சிங்கப்பூரையே பாருங்கள். 1960 இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டது. மறு வருஷம் புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதியில் தீப்பிடித்துச் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அந்த இடத்திலேயே அடுக்குமாடிகள் எழும்பின. இன்று அந்நாட்டில் குடியிருப்பவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் கழக வீடுகளில்தான் இருக்கின்றார்கள். நம்மூர்க் கணக்கில் அவை சின்ன வீடுகளே. ஆனால் டாக்டரும் பஸ் டிரைவரும் ஒரே தாழ்வாரத்தில் இருப்பதால், சின்ன வீடென்று யாரும் தலை குனிவதில்லை. 1989 முதல், ஒரு கட்டடத்தில் ஓர் இனத்தார் இத்தனை வீட்டுக்குமேல் வாங்கக்கூடாது என்றும் விதி வைத்திருக்கின்றார்கள். அங்கே அக்கிரகாரமும் இல்லை, சேரியும் இல்லை. நம் நாட்டில் 1997 இல் சமத்துவபுரம் என்று, பல ஜாதியாருக்கும் ஒரே மாதிரி வீடு கட்டிக் கொடுக்கும் திட்டம் வந்தபோது, எத்தனை பேர் முகம் சுளித்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்றும் நாம் சொல்லவில்லை. தோட்டத்தோடு கூடிய தனி வீட்டைப் பார்த்து ஏங்குகின்றவர்கள் அங்கேயும் உண்டு. அந்த அடுக்குமாடிகளைக் கட்டிய ஒர்க் பர்மிட் தொழிலாளிக்கு அவற்றில் ஒன்றை வாங்க உரிமையும் கிடையாது. அவனுக்கு 45 சதுர அடிதான். நமது தோழருக்குப் பொறாமை வரவேண்டுமானால் அங்கே வரட்டும். தாம் கட்டிய வீட்டில் ஜன்னலைத் திறந்து காற்று வாங்குகின்றவனைப் பார்த்து வரட்டும். எனக்கும் ஒரு ஜன்னல் வேண்டும், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க இடம் வேண்டும் என்று கேட்கத் தூண்டும் பொறாமை நல்ல பொறாமை. பங்காளியின் தூணை எண்ணுகின்ற பொறாமையால் லாபம் சிமெண்டு வியாபாரிக்கும், வட்டிக்காரனுக்கும், தட்சணைக்காரனுக்குமே.

சமீபத்தில் நமது தோழர் ஒருவர் பதினோரு வருஷத்திற்குப் பின் திரும்பி வந்தார். மாடி கட்ட வைத்திருந்த பணத்தில் கடனை அடைத்தார். இரண்டு அறை, காற்றோட்டமான சமையலறை, தகப்பனாருக்கு முழங்கால் வலி என்பதால் படியில்லாமல் போகக்கூடிய கக்கூசு, இவ்வளவுதான் கட்டியிருக்கின்றார். வரைபடம் போட்டது அவர் மனைவி. புரோகிதர் இல்லை, வந்தவர்களுக்குக் காப்பியும் பலகாரமும் கொடுத்துக் குடி புகுந்தார்கள். பங்காளிகள், "வெளிநாடு போய்வந்து இவ்வளவுதானா?" என்று சிரிக்கின்றார்களாம். அதைப்பற்றி அவர் கவலைப்படவில்லை. திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்காமல் அதைக் குழம்பு வைத்துவிட்டார்கள் என்பதற்காக மாமியார்தான் இன்னும் பேசாமல் இருக்கின்றாராம்.